அவள் ஏன் என் வண்டியைத் தொட்டாள்?

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. கடல் தாண்டி வந்து நாங்கள் குடியிருக்கும் சான் ரமோனிலிருந்து ஃப்ரீவேயில் கிழக்கே போனால், புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும் மலைகள் வரும். அங்கே மண் பாதையில் ஏறி இறங்குகிற டர்ட் பைக் ஓட்டுவதற்கென்றே விட்டிருக்கும் ஒரு பார்க்கில்தான் இது நடந்தது.

நாற்பது தாண்டிய பொம்பளைக்கு டர்ட் பைக்கா என்று கேட்பீர்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். ஈரோட்டில் காலேஜுக்கு மொபெட் ஓட்டியதோடு என் வண்டி ஆசை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் தோழிதான் இழுத்துவிட்டாள். அவளுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவள் பெண்ணும் என் பையனும் ஒரே கிளாஸ். ஸ்கூல் வாசலில் காத்திருக்கும்போது பேச ஆரம்பித்து, வாங்க போங்க எல்லாம் போய் வா போ என்று ஆகியிருந்தது. அவளிடம் பழைய டிரெய்ல் பைக் இரண்டும், அவற்றை ஏற்றிப் போக ஒரு பிக்கப் டிரக்கும் இருந்தன. "ஏட்டி, ஒரு தடவை வந்து பாரு, அப்புறம் பேசு" என்றாள். போனேன். நாள் முழுக்க மீட்டிங்கில் உட்கார்ந்து மரத்துப்போன உடம்பு மண் பாதையில் குலுங்கிக் குலுங்கி ஏறும்போது, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதிலிருந்து மாதம் ஒரு முறையாவது போய்விடுவோம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் சிரித்துக்கொண்டு போகவில்லை. அதற்கு முந்தின வாரம், அதே கிளாஸில் இன்னொரு பிள்ளையின் அம்மா தெரியாத்தனமாக என்னிடம் கேட்டுவிட்டார்: "லேக் டிரிப்புக்கு நீங்க வரலையா?" எனக்குத் தெரியாமல் ஒரு வாட்ஸ்அப் குரூப், அதில் நான்கு குடும்பங்கள், ஏரிக்கரையில் வீடு எடுத்துத் தங்கத் திட்டம். என் தோழியும் அதில் இருந்தாள். தினமும் பேசுகிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. கதவைப் பூட்டிவிட்டுக் கார் வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். எனக்கு இது போதாதா? என்னைப் பற்றி என்ன பேசினார்கள், யார் வேண்டாம் என்றது, இவள்தானா? நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிரக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று வெயில் கொடுமை. காலையிலேயே டிரக்கின் கதவைத் தொட்டால் கை சுட்டது. போன தடவை வீடு திரும்பும்போது எனக்கு மண்டையிடி. தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று நானாக முடிவு செய்து, இந்தத் தடவை எழுந்ததிலிருந்தே தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தேன். முதுகில் மாட்டுகிற தண்ணீர்ப் பையும் நிறைய இருந்தது. அதில் ஒரு டியூப் வாய் வரை வரும். உறிஞ்ச வேண்டியதுதான். சாப்பாடு மட்டும் இல்லை. எடை குறைக்க மதியம் வரை வயிற்றைக் காயப்போடும் பழக்கத்தில் அப்போது இருந்தேன். "சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஊர் வெயிலில் ஒரு மாயம் உண்டு. நம்ம ஊர் மாதிரி வியர்த்து ஒழுகாது. காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். ஹெல்மெட், மார்புக் கவசம், முழங்கால் வரை பூட்ஸ் என்று இத்தனையையும் மாட்டிக்கொண்டு வண்டியோடு மல்லுக்கட்டுகிறோம். ஆனால் உடம்பிலிருந்து என்ன போகிறது என்றே தெரியாது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருந்ததைப் பார்த்தேன். தூசி என்று தட்டிவிட்டேன்.

இரண்டு சுற்று ஓட்டிவிட்டு மலை உச்சியில் ஓர் ஓக் மரத்தடியில் நிறுத்தினோம். நான் மறுபடியும் டியூபை வாயில் வைத்து உறிஞ்சினேன். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்து, வெள்ளைப் பொடியை பாட்டிலில் கொட்டிக் குலுக்கினாள்.

"வெறும் தண்ணியையே குடிச்சுட்டிருக்காத. இதைக் குடி. புளியோதரையும் இருக்கு."

"எனக்கு வேண்டாம்."

"ரெண்டு வாயாவது சாப்பிடு."

"வேண்டாம்னா விடேன்."

உண்மையில் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. தலை விண் விண் என்று தெறித்தது. கிளவுஸைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. விரல்கள் வீங்கி, உள்ளே மோதிரம் இறுக்கியது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது ஒன்றே ஒன்றுதான். இவள் ஏன் இதைக் குடிக்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறாள்?

சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்த எண்ணம் வந்ததும் என் மண்டைக்குள் எல்லாமே பளிச்சென்று புரிகிற மாதிரி இருந்தது. குரூப்பில் என்னைச் சேர்க்காதது, இவ்வளவு தள்ளி ஆளில்லாத மலைக்குக் கூட்டி வந்தது, அந்தப் பொடி என்று ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டது.

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. "ஏன் கேக்கற?" என்றேன்.

"சும்மாதான். உன் பையன் டீச்சர் பேரு என்ன?"

அதுவும் வரவில்லை. என்னைக் கேலி செய்யத்தான் கேட்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டாள். எனக்கு முதுகைக் காட்டி நின்று மெதுவாகப் பேசினாள். காற்று அவள் குரலை என் பக்கம் கொண்டுவந்தது.

"இல்ல, நம்பமாட்டேங்கறா... சரி, அவளுக்குத் தெரியாமதான் பண்ணணும்."

கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொண்டேன். இமை இடுக்கில் பார்த்தேன். போனை வைத்துவிட்டு அவள் பூனை மாதிரி நடந்து என் வண்டி பக்கம் போனாள். குனிந்தாள். டேங்குக்கு அடியில் கையை விட்டு எதையோ திருகினாள். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காதவள்போல் மறுபடி போனை எடுத்தாள்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் எழுந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். "ஏட்டி, போகாத! நில்லு!" என்று அவள் கத்தியது இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கத்தக் கத்த ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினேன்.

பாதை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எதில் போகிறேன் என்றே தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, திக்கியது, நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தேன். உயிர் வரவில்லை. அவள்தான் ஏதோ செய்திருக்கிறாள், சந்தேகமே இல்லை. எனக்கு முன்னால் பாதை சட்டென்று செங்குத்தாகப் பள்ளத்தில் இறங்கியது. கைதேர்ந்தவர்கள் மட்டும் இறங்குகிற சரிவு. அதை நான் அப்போது பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் காய்ந்த புல்லுக்குள் தள்ளாடித் தள்ளாடி நடந்தேன். ஒரு மரத்துக்குப் பின்னால் விழுந்து வாந்தி எடுத்தேன். வெறும் தண்ணீராக வந்தது.

அவள் வண்டிச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இங்கும் அங்கும் ஓடுவது கேட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருந்தேன். அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

மிதிபட்ட புல்லைப் பார்த்து அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓடி வந்தவளைப் பார்த்து, "கிட்ட வராதே!" என்று அலறினேன். கையில் ஒரு கல்லையும் எடுத்துவிட்டேன்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு கைகளை விரித்துக் காட்டியபடி மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள்.

"சரி. நான் வரல. இங்கயே இருக்கேன்."

"அதுல என்ன கலந்த?"

"உப்பும் சர்க்கரையும்தான். நீ நம்ப வேண்டாம். பாரு, நானே குடிக்கறேன்."

பாட்டிலில் பாதியைக் குடித்தாள். வாயைத் திறந்து காட்டினாள், சின்னப் பிள்ளைகள் மருந்து குடித்துவிட்டுக் காட்டுமே, அப்படி. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துத் தானும் தின்று, மீதியை என் பக்கம் தள்ளிவிட்டு இன்னும் நகர்ந்தாள். நிழலை எனக்கு விட்டுவிட்டு அவள் மொட்டை வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. அவங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடு. உன்கிட்ட இருக்கற தண்ணியை மட்டும் இப்போ குடிக்காத. அவ்வளவுதான் நான் கேக்கறேன்."

கல்லைக் கீழே போடாமலேயே ஒரு கையால் சிப்ஸை எடுத்து வாயில் போட்டேன். அந்த உப்பு நாக்கில் பட்டதும் என் உடம்பு அதற்காக எவ்வளவு தவித்துக் கிடந்தது என்று தெரிந்தது. பாக்கெட்டை நக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த பாட்டிலையும் மடக்கு மடக்காகக் குடித்தேன். அவள் போனில் யாருக்கோ நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பார்க் ரேஞ்சர்கள் வந்தார்கள். அவர்கள்மேலும் எனக்குச் சந்தேகம்தான், கையை உதறினேனாம். அதன் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துவிட்டு உப்பு மிகவும் இறங்கிப்போயிருக்கிறது என்றார்கள். ட்ரிப் ஏற்றி மறுநாள் வரை வைத்திருந்தார்கள். தெளிந்த பிறகு எனக்குத் தமிழில் விளக்கியது தோழியின் கணவர். அவர் வேறொரு ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சி நர்ஸ். மலை உச்சியிலிருந்து அவள் போன் செய்தது அவருக்குத்தான்.

"வேர்வைல உப்பு போயிட்டே இருந்திருக்கு. நீங்க வெறும் தண்ணியை ஊத்திட்டே இருந்தீங்க. மிச்சம் இருந்த உப்பும் நீர்த்துப் போச்சு. சாப்பாடும் இல்ல. மூளைதான் முதல்ல குழம்பும்ங்க. குழம்பினது அவங்களுக்கே தெரியாது, அதுதான் டேஞ்சர்."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் வெளியே போனதும் தோழி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் அவள் கழுத்தெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது.

"என் வண்டியில என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் குழாயை மூடினேன். பிடுங்கி வச்சுக்க அந்த வண்டிக்குச் சாவி கிடையாதே. நீ இருந்த நிலைமைல ஏறி ஓட்டிட்டன்னா? போகாதன்னு சொன்னா நீ கேக்க மாட்ட. குழாய்ல மிச்சம் இருந்த பெட்ரோல்ல இவ்வளவு தூரம் போயிடுவன்னு நான் நினைக்கல." அந்தச் சரிவுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றது அவள் மூடிய அந்தக் குழாயால்தான்.

பிறகு நான் அந்த குரூப்பைப் பற்றியும் கேட்டேன். கேட்டே விடுவது என்று அப்போது தோன்றியது. அவள் மழுப்பவில்லை. குரூப் இருப்பது உண்மை. வீட்டில் நான்கு குடும்பத்துக்குத்தான் இடம். முதலில் பேசியவர்கள் சேர்ந்துவிட்டார்கள். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். "சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றாள். எனக்கு வலித்தது. இப்போது நினைத்தாலும் லேசாக வலிக்கும். ஆனால் அந்த வலி அந்த அளவுதான், அதற்கு மேல் இல்லை.

இப்போதும் நாங்கள் போகிறோம். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். தண்ணீரோடு உப்புப் பொடியும், கொறிக்க வேர்க்கடலையும் கையில் இருக்கும். வெயில் ஏறினால் வண்டியை நிறுத்திவிடுவோம். வழியில் அவள் இன்றைக்கும் திடீரென்று என்ன கிழமை என்று கேட்பாள். நான் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறேன்.

என் சந்தேகங்களில் பல உண்மைதான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். என்னை விட்டுவிட்டு ஒரு குரூப் இருந்தது. எனக்குத் தெரியாமல் போனில் என்னைப் பற்றிப் பேசினாள். என் வண்டியில் கை வைத்தாள். கண்ணால் பார்த்தது எதுவும் பொய்யில்லை, நான் அதற்குச் சொல்லிக்கொண்ட காரணம்தான் பொய். இன்றைக்கு யார்மேலாவது மனம் அப்படிக் கொதிக்க ஆரம்பித்தால், அவர்களைச் சந்தேகிக்கும் முன் என்னையே கொஞ்சம் சந்தேகித்துக்கொள்கிறேன். கையில் கல்லோடு நின்ற என்னிடம் "என்னை நம்பு" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல், என் பயம் கேட்ட தூரத்துக்கு விலகி வெயிலில் உட்கார்ந்திருந்தாளே, அப்படி இன்னொருவருக்காக உட்கார எனக்கு வருமா என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.