மச்சாள் பிரித்துவிட்ட தையல்

யாராவது பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போய் எல்லோருக்கும் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, அலுப்பில். ஓய்வு பெறும்வரை ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதனால் ஒருவர் கதை சொல்லத் தொடங்கினாலே பொய் எந்த இடத்தில் வரப்போகிறது என்று என் காது தானாகத் தேடும். இப்போது என் கதையை நீங்களும் அப்படித்தான் கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

முதலில் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர், இவருடைய அக்கா. கல்யாணம் கட்டவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்குகிற எங்கள் ஒழுங்கையில், இதே ஃப்ளட்டில், கடைசிவரை எங்களோடுதான் இருந்தார். சாரி பிளவுஸ் தைப்பார். தைப்பார் என்று மட்டும் சொன்னால் போதாது. மாடிப்படி ஏறிவரும் பெண்ணை ஒருதரம் பார்த்தாலே எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, எங்கே துணி கூட விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இடக்கைக்காரி. அவர் கையால் தைக்கும் ஓரத்தையல் ஒவ்வொன்றும் ஒரே அளவில், இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். என்னைப் போல வலக்கைக்காரர் தைத்தால் மற்றப் பக்கம் சாயும்.

கடல்காற்றில் ஊசி துருப்பிடிக்கும் என்று, ஊசிகளை குளித்து மிஞ்சிய சந்தனச் சவர்க்காரத் துண்டில் குத்தி பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருப்பார். பிரித்த நூலைக்கூட எறிய மாட்டார், தீக்குச்சியில் எட்டுப் போட்டுச் சுற்றி எடுத்துவைப்பார். அடுத்தவரின் தையல் கோணலாக இருந்தால் வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார், நாக்கால் 'ச்சு' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த ஒரு சத்தத்துக்குப் பயந்தே நான் இந்த வீட்டில் ஊசியைத் தொடாமல் காலத்தை ஓட்டினேன்.

அவர் போனபிறகு, முடிக்காமல் விட்ட தையல் எல்லாம் ஒரு சூட்கேசுக்குள் கட்டிலுக்கடியில் கிடந்தது. எங்கள் வீட்டு ஹோல் கர்ட்டின், தலையணை உறைகள், கொடுத்தவர்கள் திரும்ப வராத பிளவுஸ்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிள்ளைப் போர்வை. பிளவுஸ் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சதுரம் சதுரமாக இணைத்தது. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பெண்களின் கல்யாணம் அதற்குள் இருக்கிறது என்று சொல்லலாம். உள்ளே மெத்தென்று பழைய பருத்திச் சேலை, அடியில் வெள்ளைத் துணி. அந்த வெள்ளையை நான்கு பக்கமும் முன்னுக்கு மடித்து, மாம்பழ மஞ்சள் நூலால் கையால் தைக்க வேண்டும். இரண்டு பக்கம்தான் முடிந்திருந்தது.

அதை ஏன் விட்டார் என்று சொல்கிறேன். மெல்பேர்ணில் இருக்கும் எங்கள் ஒரே மகள் தாரணிக்கு முதல்தரம் வயிற்றில் பிள்ளை தங்கியபோது தொடங்கியது. பிறக்காத பிள்ளைக்கு ஒன்றும் தைக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் கடும் சட்டம். கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்தே சொல்லிப் பார்த்தார்.

"முழுக்க முடிச்சாத்தானே குற்றம்?" என்றார் மச்சாள். "கடைசியில ஒரு சாண் மூடாமல் விடுவன். பிள்ளை வரட்டும், பிறகு மூடலாம்."

நட்டஈட்டுப் பிரிவில் எத்தனையோ சட்ட ஓட்டைகளைப் பார்த்தவள் நான். அப்படி ஒரு நேர்த்தியான ஓட்டையைக் கண்டதில்லை, விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்தப் பிள்ளை தங்கவில்லை. அடுத்த வருடம் மச்சாள் திரும்ப எடுத்தார், இரண்டாவது பக்கம் முடிந்த கையோடு அந்தப் பிள்ளையும் போயிற்று. போர்வையை மடித்துச் சூட்கேசின் அடியில் வைத்தார். பிறகு அவரும் போய்விட்டார். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டோம்.

நான் ஓய்வு பெற்ற வருடம் தாரணிக்கு மூன்றாம் முறை. ஒருநாள் போனில் அவளே கேட்டாள்.

"அம்மா, மாமி தொடங்கின போர்வையை முடிச்சு அனுப்புங்கோ. ரெண்டு தரமும் ஒளிச்சு வச்சம். இந்தத் தரம் ஒளிக்க வேண்டாம்."

அதற்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு சூட்கேசை இழுத்தேன். கை பழக வேண்டுமே என்று தலையணை உறைகளையும் கர்ட்டினையும் மெஷினில் தைத்து முடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அதெல்லாம் மச்சாளுக்குப் பெரிய விஷயமில்லை போல. பிறகு போர்வையை எடுத்தேன். டின்னுக்குள் மாம்பழ மஞ்சள் நூல் ஒரு தீக்குச்சியில் சுற்றிய அளவுதான் இருந்தது. ஒழுங்கை தொடங்குகிற காலி வீதியில் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு சிங்களக் கடை முதலாளி நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓய பாட்ட தென் என்னே நே, அக்கே" என்றார். அந்த நிறம் இப்போது வருவதில்லையாம். சரி, இருக்கிற நூலில் பார்த்துத் தைப்போம் என்று மூன்றாவது பக்கத்தைத் தொடங்கினேன்.

காலையில் தைத்துவிட்டுச் சந்தைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் என் தையல் முழுவதும் பிரிந்திருந்தது. அறுந்திருக்கவில்லை, துணியில் ஒரு கீறலும் இல்லாமல் அழகாகப் பிரித்திருந்தது, பக்கத்தில் நூல் தீக்குச்சியில் எட்டுப் போட்டுச் சுற்றியபடி. அடுத்தநாளும் அப்படியே. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், ஆகவே இவரைப் பிடித்து விசாரித்தேன்.

"எனக்கு வேற வேலை இல்லையே, உம்மட தையலைப் பிரிச்சுக்கொண்டு இருக்க?" என்றார், கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. அது உண்மை. முப்பது வருடமாகக் கழன்ற பொத்தானைக்கூட அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத மனுஷன்.

சரி, கையும் களவுமாகப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன். ஒரு பின்னேரம் இவர் களனியில் சுகமில்லாமல் இருந்த சிநேகிதரைப் பார்க்கப் போயிருந்தார். நான் அறைக் கதவைக் கொண்டி போட்டுவிட்டு, தைத்த போர்வையை மடியில் விரித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். நல்ல மழை. கரண்டும் போய்விட்டது, ஆனால் யன்னல் வெளிச்சம் தாராளமாக இருந்தது. நான் தூங்கவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நானும் வேறு ஒருவரை மடக்கியிருப்பேன். கடற்கரை ரயில் ஒன்று யன்னலை அதிரவைத்துப் போனது, அதை எண்ணத்தில் குறித்துக்கொண்டேன், அவ்வளவு விழிப்பாக இருந்தேன்.

மடியில் போர்வை மெல்ல இழுபட்டது. குழந்தை சேலையைப் பிடித்து இழுப்பதுபோல. குனிந்து பார்த்தேன். என் மஞ்சள் தையல் ஒன்று துணியை விட்டு எழும்பியது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. கை ஒன்றும் தெரியவில்லை. நூல் துணிக்குள்ளால் போகிற சின்னச் சர்ரென்ற சத்தம் மட்டும், அதோடு சந்தனச் சவர்க்கார வாசம். பிறகு என் இடது காதுக்குப் பக்கத்தில், தெளிவாக, 'ச்சு'.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

"சரி மச்சாள்," என்றேன். "திருப்பித் தைக்கிறன்."

அதற்குப் பிறகுதான் நான் மச்சாளின் தையலை ஒழுங்காகப் பார்த்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பார்க்கவில்லை. ஊசி முனையில் துணியின் இரண்டே இரண்டு இழைதான் ஏறும், அதற்கு மேல் இல்லை. பின்பக்கம் புரட்டினால் தைத்ததே தெரியாது. மூலை திரும்பும் இடத்தில் துணி ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்து கிடக்கும். ஒரு சாண் நீளம் அவரைப் பார்த்துத் தைக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. அவர் அதை வானொலி கேட்டுக்கொண்டே, இவரோடு அரசியல் சண்டையும் பிடித்துக்கொண்டு தைத்தவர். என்ன கை அது என்று எனக்குள்ளே பலமுறை சொல்லிக்கொண்டேன். மெதுவாகத் தைத்த தையல் பிரியவில்லை. மூன்றாவது பக்கம் அப்படியே நின்றது. கம்பனியில் பதவி உயர்வு வந்தபோதுகூட நான் அவ்வளவு பெருமைப்படவில்லை.

அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன். கீழ்வீட்டு அன்ரியின் மருமகள் மெல்பேர்ணுக்குப் போகிறாள் என்று தெரியவந்தது. பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஓர் ஆள் போகிறது என்று கேள்விப்பட்டால் எங்கள் சனத்துக்குச் சும்மா இருக்க முடியாது. மிளகாய்த்தூள், பனங்கட்டி, பருத்தித்துறை வடை, அதோடு போர்வையும் போகட்டும் என்று நினைத்தேன். அரைகுறையாக ஒன்றைக் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. மச்சாளின் ஒரு சாண் நினைவில் இருந்தது. அது அந்தக் காலத்துக் கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காலையில் நான்காவது பக்கத்தையும் தைத்து முழுவதுமாக மூடினேன். நல்ல தையல்.

அன்று சமைத்துக்கொண்டிருக்கும்போது மருமகன் போன் எடுத்தார். தாரணிக்கு இரத்தம் போகிறதாம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். ஏன் என்று தெரியாமலே அறைக்குப் போனேன், அந்தப் போர்வையை நெஞ்சோடு பிடிக்க வேண்டும்போல இருந்தது.

கடைசி மூலையில் தையல் பிரிந்திருந்தது. மிச்சமெல்லாம் அப்படியே இருக்க, அந்த இடம் மட்டும். பக்கத்தில் நூல், எட்டுப் போட்டபடி. கையை விரித்து வைத்துப் பார்த்தேன், என் சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. மச்சாளுக்குச் சின்னக் கை.

நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து பார்த்தார், போர்வையைப் பார்த்தார், தீக்குச்சியைப் பார்த்தார். அவருக்கும் முகம் வெளிறிவிட்டது.

"அக்கா சொன்னபடி செய்யும்," என்றார்.

இருட்டும்போது மருமகன் திரும்ப எடுத்தார். இரத்தம் நின்றுவிட்டது, பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு நன்றாக இருக்கிறது, படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். டொக்டர்கள் மருந்து கொடுத்தார்கள், அதனால் நின்றது, எனக்கு அது விளங்கும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முதலாவதுதான் காரணம் என்று எழுதி வந்த கோரிக்கைகளை நான் எத்தனையோ திருப்பி அனுப்பியவள். ஆனால் அந்த ஒரு சாணை நான் திரும்ப மூடவில்லை.

திறந்தபடியே மடித்தேன். ஓர் ஊசியில் மஞ்சள் நூலைக் கோத்து அந்த மூலையில் குத்தினேன், மிச்ச நூல் முழுவதையும் தீக்குச்சியோடு உள்ளே வைத்தேன். வீட்டில் அந்த மஞ்சள் நூல் ஓர் இழைகூட மிஞ்சவில்லை, நானே பார்த்துப் பார்த்து வைத்தேன். அன்ரியின் மருமகளிடம் அதைக் கொடுத்துவிட்டு, பிள்ளை பிறந்தபிறகு யாரையாவது கொண்டு மூடச் சொல்லித் தாரணிக்கும் சொன்னேன்.

பெண் பிள்ளை பிறந்தது, தாயும் சேயும் சுகம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று தாரணி வீடியோ கோல் எடுத்தாள். பேத்தி போர்வைக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தாள். நான் அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாரணி சொன்னாள்:

"அம்மா, ஒரு சாண் திறந்திருக்கும் எண்டு சொன்னீங்கள். எல்லாம் மூடித்தானே கிடக்கு."

போனைக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். அந்த மூலையில் மஞ்சள் தையல், ஒரே அளவில், இடப்பக்கம் சாய்ந்து. மெல்ல மெல்ல விசாரித்தேன். இன்றைக்குத்தான் பையிலிருந்து எடுத்ததாம். மருமகனுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. கொண்டுபோன பெண்ணை எனக்குத் தெரியும், பொத்தான் தைக்கவும் அன்ரியிடம்தான் வருவாள். ஊசி இருந்ததா என்று கேட்டேன். ஊசியும் இல்லை, தீக்குச்சியும் இல்லை என்றாள். மெஷினில் போடாமல் கையால் தோய்க்கச் சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு எழும்பிப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சவர்க்காரத் துண்டில் ஊசிகள் வழக்கம்போல நின்றன. ஒன்றின் காதில் மட்டும் மாம்பழ மஞ்சள் நூல் தொங்கியது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் பார்த்துவிட்டுப் போய் சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தினார்.

சூட்கேசில் இருந்த மிச்சப் பிளவுஸ்களையெல்லாம் இப்போது தைத்து முடித்துவிட்டேன், ஒன்றும் பிரியவில்லை. அந்த ஊசியை மட்டும் நான் தொடுவதில்லை, தாரணிக்கு இன்னும் பிள்ளை பெற வயதிருக்கிறது. அதில் கோத்திருக்கிற நூல் என் சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது. காரணமில்லாமல் நூலை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை மச்சாள்.