பகலில் எரிந்த ஹெட்லைட்

சித்தியின் இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடுவதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவும் சரியாக மூடாது. அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தோம். ஒன்பது வயதில் எனக்கு இரண்டும் ஒரே மாதிரியான தொந்தரவாகத்தான் தோன்றின.

அப்பாவும் சித்தப்பாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தப்பாவுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. துணி மூட்டை ஏற்ற வாங்கியிருந்த பழைய வேனோடுதான் அவர் பொழுது கழியும். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சித்தியைவிட அந்த வேனோடுதான் அவர் அதிகம் பேசுகிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை அது. கரண்ட் அடிக்கடி போனது. விசிறி நின்றுவிட்டால் சித்தியால் படுக்க முடியாது. எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு வாயால் மூச்சு விடுவாள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பனை விசிறியால் வீசுவார். கடல் காற்று நல்லது என்று டாக்டர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கடற்கரையிலேயே தங்கிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அப்படியெல்லாம் யாரும் போய்த் தங்கிய காலம் இல்லை. "வீடு இல்லாதவங்க மாதிரி மணல்ல போய்ப் படுக்கணுமா?" என்று அப்பா கேட்டார். சித்தப்பா அதற்குள் எங்கிருந்தோ பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் மாட்டும் சின்ன விசிறி ஒன்றை வாங்கிவந்து, வேன் பேட்டரியோடு வயர் இழுத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திக்குக் குழந்தை இல்லை. துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

ஊரூர் குப்பத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பு இருந்தது. தார் ரோட்டிலிருந்து மணலில் கொஞ்ச தூரம் இறக்கி, முன்பக்கம் கடலைப் பார்க்க வேனை நிறுத்தினார் சித்தப்பா. பின்கதவைத் திறந்துவைத்து உள்ளே மெத்தை விரித்து, சித்தியின் தலைமாட்டில் விசிறியைக் கட்டினார். ஒரு சின்ன பல்பு சவுக்குக் கிளையில் தொங்கியது. மீன் கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது, காத்தாடி சுத்தினு கீது! கரண்டு எங்கேர்ந்து வருது?"

"வண்டியிலேருந்துதாம்மா வருது" என்றார் சித்தப்பா. அந்த நிமிஷத்தில் அவர் முகத்தில் இருந்த பெருமையை, கடையில் எவ்வளவு பெரிய வியாபாரம் நடந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டால் பேட்டரியில் மறுபடி சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார். "டிரைவர் சீட்டுப் பக்கம் மட்டும் போயிராத தாயி" என்றும் சொன்னார்.

முதல் நாள் சித்தி நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலை இன்ஜினை ஓட்டி நிறுத்திவிட்டுச் சித்தப்பா கடலில் குளிக்கப் போனார். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். எதிரே இருந்த குமிழ்களில் ஒன்றை இழுத்தேன். எதுவும் நடக்கவில்லை. சத்தமில்லை, அசைவில்லை. சலித்துப்போய் இறங்கி, சிப்பி பொறுக்கப் போய்விட்டேன்.

பிற்பகலில் விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. சித்தப்பா அதைக் கழற்றித் துடைத்து, வயரை அறுத்து மறுபடி முறுக்கினார். கோளாறு விசிறியில்தான் என்று நினைத்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் வேனுக்கு முன்னால் விளையாடிக்கொண்டிருந்த நான் தற்செயலாக நிமிர்ந்தேன். ஹெட்லைட் இரண்டும் அணையப் போகும் கரியைப் போலச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் காலையிலிருந்து எரிந்திருக்கின்றன. ஓடிப்போய் ஏறிக் குமிழை உள்ளே தள்ளினேன். திரும்பியபோது, மெத்தையில் சாய்ந்திருந்த சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறிது நேரத்தில் சித்திக்கு மூச்சு முட்டியது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போல ஒரு சத்தம். சித்தப்பா தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்றது. மறுபடி திருப்பினார். அந்த 'டக்'கும் இல்லை. முன்னால் போய், இன்ஜினைக் கையால் கிளப்பும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். கை வழுக்கி ஹேண்டில் அவர் மணிக்கட்டில் அடித்தது. திரும்பவும் சுற்றினார். பிறகு குப்பத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினார்.

ஏழெட்டுப் பேர் வந்தார்கள். படகு இழுக்கும் கயிற்றோடு முன்னால் வந்த பெரியவர், "இன்னா நைனா, வண்டி கெளம்பலியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். சித்தியைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. "டேய், கயித்தைக் கட்டுங்கடா, சீக்கிரம்!"

படகை இழுப்பது போலவே ஒரே குரலில் சத்தம் கொடுத்து, மணலிலிருந்து ரோடு வரைக்கும் வேனை இழுத்தார்கள். ரோட்டில் ஏற்றித் தள்ளினார்கள். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருட்டத் தொடங்கியிருந்தது. ஹெட்லைட் போட்டால் இன்ஜின் நின்றுவிடுமோ என்று சித்தப்பா பயந்தார். பெரியவர் ஒரு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். அடையாறு தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வரை, "ஒத்து, ஒத்து!" என்று கூவி எதிரே வந்தவர்களை விலக்கிக்கொண்டே வந்தார். நான் சித்தியின் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அழக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

கால் மணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்களாம். அதை மறுநாள் அம்மாவிடம் சித்தப்பாதான் சொன்னார். கட்டிலருகே நின்று, கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"பேட்டரி அப்படி இறங்குறதுக்கு வழியே இல்லியே. யாரு எதத் தொட்டா?"

நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"நான்தான்" என்றாள் சித்தி. "நீங்க குளிக்கப் போயிருந்தப்ப லைட்டப் போட்டுப் பாத்தேன். அணைக்க மறந்துட்டேன்."

சித்தப்பா கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "உன் உசுரு உனக்கு வெளையாட்டாப் போச்சா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். அம்மா பின்னாலேயே போனாள்.

சித்தி என்னைக் கிட்டே அழைத்தாள். முழுசாகப் பேச அவளுக்கு மூச்சு இல்லை.

"அழாத ஏட்டி. அவுகளுக்கு என் மேல கோவம் எத்தன நாளைக்கு இருந்துரப் போகுது? நீ அவுக கூட ரொம்ப நாள் இருக்கணும்லா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சாயங்காலம் சித்தப்பா ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிவந்து, ஒற்றைக் கையால் பிழிந்து, டம்ளரை அவள் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் சித்தி இறந்தாள். சித்தப்பா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைக் கல்லூரியில் சேர்க்க அப்பாவோடு மல்லுக்கு நின்றது அவர்தான். கடைசிப் பன்னிரண்டு வருஷம் என் வீட்டிலேயே இருந்தார். சித்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "ஒரு சுவிட்ச்ச அணைக்கத் தெரியாது அவளுக்கு" என்று சிரிப்பார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். சொன்னதில்லை.

அன்று ஆஸ்பத்திரியில், சித்தப்பாவின் கோபம் சீக்கிரம் ஆறிவிடும் என்பதைத்தான் சித்தி சொல்கிறாள் என்று நினைத்து, நிம்மதியாக அவள் கட்டிலிலேயே தூங்கிப்போனேன்.