சமீரா பிரித்து வைத்த நெட்வொர்க்

கோட்டைமேட்டு சமீராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துபோகும்.

கோவையில் தலைமையிடமும் கோபி, கொடுமுடி, வெள்ளகோவிலில் கிளைகளும் உள்ள ஒரு கண் மருத்துவமனையில் அவள் நெட்வொர்க் இன்ஜினியர். நான்கு கட்டடங்களையும் நேரில் அளந்து, கேபிள் போகும் வழியெல்லாம் குறித்து வரைபடம் போட்டவள். எல்லா இடத்திலும் ஸ்கேன் இயந்திரங்களுக்கு ஒரு நெட்வொர்க், வந்துபோகிறவர்களின் வைஃபைக்கு இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றதற்குள் நுழைய முடியாது.

நிர்வாக அதிகாரி வெங்கடபதிக்கு அது தொந்தரவாகப் பட்டது. வரவேற்பறையில் உட்கார்ந்து தன் லேப்டாப்பில் ஆபரேஷன் பட்டியலைப் பார்க்க முடியவில்லையாம். சமீரா கோபிக்குப் போயிருந்த வாரத்தில் வெளியாளை வைத்து நான்கு இடத்திலும் இரண்டு நெட்வொர்க்கையும் ஒன்றாக்கிவிட்டார். ஆபத்து, உடனே பிரிக்க வேண்டும் என்று அவள் மெயில் அனுப்பினாள். "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளகோவிலில் வைஃபையில் இணைந்த யாரோ ஒருவருடைய லேப்டாப்பிலிருந்து கிளம்பிய வைரஸ் பத்து மணிக்குள் நான்கு இடங்களையும் முடக்கியது. ஸ்கேன் படங்கள் திறக்கவில்லை. கொடுமுடியில் கண்புரை ஆபரேஷனுக்கு வந்திருந்த பத்தொன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.

அன்று மதியக் கூட்டத்தில் தலைமை மருத்துவர் நந்திதா காரணம் கேட்டார்.

"சமீரா போட்ட டிசைன் சரியில்லீங்க மேடம்," என்றார் வெங்கடபதி, அவளைப் பார்க்காமலே.

 சமீரா அந்தப் பழைய மெயிலைத் திரையில் போட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் பிரிச்சு வெச்சிருந்தேனுங்க மேடம். இவருதான் ஒண்ணாச் சேத்துப்போட்டாருங்க. வேண்டாம்னு எழுதுனதும், அவரு சொன்ன பதிலும் இதுலயே இருக்குதுங்க."

"இப்ப அதுங்களா முக்கியம்? மொதல்ல சரி பண்ணுங்க அம்மணி," என்றார் வெங்கடபதி.

"பண்றேனுங்க சார். ஆனா யாரு சேத்ததுன்னு நீங்க சொல்லோணும். எல்லாரும் இருக்கறப்பவே சொல்லோணும்."

 நந்திதா வெங்கடபதியின் பக்கம் திரும்பினார். "நாந்தானுங்க சேக்கச் சொன்னேன்," என்றார் வெங்கடபதி கடைசியில், மேசையைப் பார்த்தபடி.

அதன்பின் மூன்று நாள் ஒவ்வொரு கிளையாகப் போய், கணினிகளைச் சுத்தம் செய்து, நெட்வொர்க்கை மறுபடி பிரித்தாள். கோபம் மட்டும் ஆறவில்லை. சனிக்கிழமை காலை கொடுமுடியில் வேலையைச் சரிபார்க்கப் போனபோது, வாசலில் சாமியாத்தாள் என்ற வயதான அம்மாள் நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்.

"ஏனுங்க அம்மணி, இன்னிக்காச்சும் ஆபரேசன் உண்டுங்களா?"

"உண்டுங்கம்மா."

"அன்னைக்கு என்னமோ மிசின் கெட்டுப்போச்சுன்னாங்க."

கதவில் 'தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்' என்ற தாள் இன்னும் ஒட்டியிருந்தது. சமீரா அதைக் கிழித்துக் கசக்கினாள்.

"மிசின் நல்லாத்தான் இருந்துச்சுங்கம்மா. எங்க ஆபீசுல செஞ்ச தப்புங்க அது," என்றாள்.