பூஜைக்கு மறுநாள் கருத்துப்போன நீலம்

"பழைய அளவு எங்கிருந்து வந்துச்சு?" என்று முதலாளி ஆத்தப்பன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பிளஸ் டூவோடு நின்றுவிட்டு, பெருமாநல்லூர் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் சாயம் நிறுப்பவள் நான். பதில் தெரிந்த தங்கதுரை அண்ணன் மூச்சிரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் பல வருஷம் சாயத் தொட்டியருகே நின்றவர். ஆவி நெஞ்சைக் கெடுத்தது. இனி அங்கே நின்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகு, கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளைக் கற்று ஆய்வகக் கணினிக்கு மாறினார். எந்த நிறத்துக்கு எந்தச் சாயம் எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

டிஸ்க் நிரம்பியதால், அளவுகள் இருந்த /var கோப்புறையைப் புது டிஸ்க்கில் நகலெடுத்து அதே இடத்தில் பொருத்தினார். பழையதை அழிக்கவில்லை, அது புதியதன் அடியில் மறைந்து கிடந்தது. கணினியை ஆன் செய்யும்போதெல்லாம் புது டிஸ்க் தானாகப் பொருந்த, fstab கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அது பிழையானால் கணினி பாதியில் நின்றுவிடும். எழுதிச் சோதிக்க, கணினியைக் கொஞ்ச நேரம் அணைக்க முதலாளியிடம் அனுமதி கேட்டார்.

"ஆர்டர் ஓடறப்ப அமத்த முடியாது தங்கதுரை. ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் அமத்துவோம். மறுநாள் பாத்துக்க."

அந்த வரி எழுதப்படாமலே நின்றது. இதற்கிடையில் ஒரு நீலத்தின் அளவைக் குறைத்துத் திருத்தினோம். அந்தத் திருத்தம் புது டிஸ்க்கில் மட்டும் இருந்தது.

பூஜையன்று அண்ணன், "நாளைக்கு நான் வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர ஆன் பண்ணீராதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆனால் மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி மகள் தேஜஸ்ரீதான் எல்லாச் சுவிட்சையும் போடுவாள். அண்ணன் வரும் பேருந்தைக் காணோம்.

"அண்ணன் வந்துரட்டுங்க" என்றேன்.

"ஏன், அவன் வந்துதான் ஆரத்தி எடுக்கோணுமா? நீ போடு கண்ணு" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் போட்டாள்.

கணினி ஒழுங்காகவே ஆன் ஆனது. புது டிஸ்க் பொருந்தாததால் அடியில் கிடந்த பழைய அளவுகள் வெளியே வந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை; அதைப் பார்த்தே நான் நீலச் சாயத்தை எடைபோட்டுக் கொடுத்தேன். அண்ணன் வந்து திரையைப் பார்த்ததும் தொட்டிக்கு ஓடினார். துணி ஏற்கெனவே கருத்திருந்தது.

மூச்சு திரும்பியதும் அவர் எல்லாவற்றையும் விளக்கினார். "கம்ப்யூட்டர் பொட்டி உம்பொறுப்புதானே?" என்றார் முதலாளி. கணினியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்.

வேறு பட்டறைகளிலும் அண்ணனை யாரும் கணினி அருகே விடவில்லை. இப்போது மறுபடி அதே தொட்டியருகே நிற்கிறார். அவர் இருமுவது ஆய்வகம் வரை கேட்கிறது.

உங்களுக்குத் தெரிந்த பட்டறைகளில் கணினி பார்ப்பவர்களுக்கும் அவர்களுடைய முதலாளிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.