கம்ப்யூட்டருக்கு மூத்த புரோகிராம்

நான் கொஞ்சம் அளப்பேன். எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதில் உப்பு, காரம் எதுவும் நான் சேர்க்கவில்லை. பேய் ராத்திரிதான் வரும் என்பவரை முதலில் கூட்டி வாருங்கள். இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

ஓய்வு பெற்றால் ஓய்வு கிடைக்கும் என்று எவன் சொன்னானோ! சாப்பிட்டுக் கண் அயரும் நேரத்தில் தங்கை போனில் அழுதாள். அவள் புருஷன் குடிநீர் பம்ப் அறையில் ஆபரேட்டர். புரோகிராமை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்று இன்ஜினியர் பிடித்துக்கொண்டாராம். திங்கள் காலைக்குள் இல்லையென்று நிரூபிக்காவிட்டால் வேலை போய்விடும்.

அலுத்துக்கொண்டே போனேன். அங்கிருந்த ஃபேன் ஆதிமனிதன் செய்தது. நான் விட்ட கொட்டாவிக்குள் இரண்டு ஈக்கள் போய், சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தன.

பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டிப் புரோகிராம், எழுதினேன். இரண்டே விஷயம் காட்டும். கம்ப்யூட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, பம்பை இயக்கும் புரோகிராம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது.

மணி 2.10. கம்ப்யூட்டர், ஆறு மணி நேரம். புரோகிராம்... நான்கு வருஷம்.

"என்ன மாப்பிள்ளை, அம்மாவுக்கு முன்னாடியே பிள்ளை பிறந்திருக்கு?"

"காலையில கரண்ட் போச்சு மச்சான். நான்தான் திரும்பப் போட்டேன். உங்க கணக்குலதான் தப்பு."

"என் கணக்குலயா? முப்பது வருஷமா ஆபீஸ்ல கம்ப்யூட்டரைத்தான் மேய்ச்சேன்!"

ரோஷத்தில் கம்ப்யூட்டரை அணைத்தேன். திரை இருண்டது. பம்ப் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கினேன். மணி 2.28. பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது.

இரண்டரைக்கு அதை நிறுத்துவது புரோகிராமின் வேலை. புரோகிராம்தான் இப்போது இல்லையே...

2.30.

டக்.

பம்ப் நின்றது. அந்த 'டக்' என் காலுக்கடியிலிருந்து வந்தது.

"கீழே யாரு மாப்பிள்ளை?"

"யாருமில்ல... கீழ் ரூம் பூட்டிக் கிடக்கு."

"யாரு?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

டக்.

பம்ப் ஓடியது.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். என்னைத் தாண்டி மாப்பிள்ளை ஓடினார்.

மறுநாள், ஸ்கிரிப்ட் பதிந்து வைத்திருந்ததில் புரோகிராமின் கணக்கை மட்டும் காட்டினோம். நான்கு வருஷத்தில் புரோகிராம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். வேலை தப்பியது. தங்கைக்கு உயிர் வந்தது.

ஆனாலும் அவர் ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கம்ப்யூட்டரிலிருந்து பம்புக்குப் போகும் வயரை எலி எப்போதோ தின்று தீர்த்திருந்ததாம். அப்படியென்றால் பம்பைக் கைச்சுவிட்சில்தான் ஓட்டியிருக்க முடியும். அது கீழ் அறையில் இருக்கிறது.

பூட்டை உடைத்தார்கள். உள்ளே கழுத்தளவு பாசித் தண்ணீர். நீரை இறைத்துப் பார்த்தால் எல்லாம் துரு. சுவிட்சின் கைப்பிடி மட்டும், உள்ளங்கை படும் இடத்தில், தேய்ந்து பளபளத்தது.

காப்பாற்றிய வேலையை மாப்பிள்ளை அன்று மாலையே ராஜினாமா செய்தார். அந்த இடத்துக்கு இன்றுவரை ஆபரேட்டர் கிடைக்கவில்லை.

தண்ணீர் மட்டும் நேரம் தவறாமல் வருகிறது.