மாத்தறைத் தூணுக்கு ஒரு பாட்டு

எங்கள் புங்குடுதீவு மண்டபத்தில் பன்னிரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் நெஞ்சளவு உயரத்தில் ஓர் ஊரின் பெயரை நீல வர்ணத்தில் எழுதியிருந்தார்கள். ரங்கூன், கோலாலம்பூர், காலி, மாத்தறை, பதுளை என்று. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள், போன இடத்தின் பெயரில் ஆளுக்கொரு தூணாகக் கட்டிக்கொடுத்த மண்டபம் அது. பதின்மூன்று வயதில் முதன்முதல் உள்ளே போனபோது, இது மண்டபமா, பஸ் நிலையமா என்று முழித்துக்கொண்டு நின்றேன். அந்த ஊரில் நான் முழித்த முழியெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு புத்தகம் வரும்.

அப்பா அந்த ஊர்க்காரர். தெற்கே, சிங்கள ஊரான மாத்தறையில் கடை வைத்திருந்தார். அம்மா மாத்தறைக்காரி, சிங்களம். தெற்கில் தமிழர் கடைகளை எரித்த வருஷம் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டார். அம்மாவுக்குத் தமிழ் கேட்டால் பாதி விளங்கும், பேச வாய் வராது. எனக்கு இரண்டு பாஷையும் இருந்தன, இரண்டிலும் கோபப்படத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே அம்மாவின் வாய் நான்தான்.

ஊர்ப் பெண்கள் அம்மாவுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் எனக்கு விளங்காத சங்கதி. கிணற்றடியில் வழி விடுவார்கள், கோயிலில் திருநீற்றுத் தட்டை நீட்டுவார்கள். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒருத்திகூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. மண்டபத்தில் பெண்கள் பக்கம் பாய் விரித்துக் கூட்டமாக இருப்பார்கள். அம்மா சுவரோடு ஒட்டி நிற்பார். யாராவது ஒருத்தி தன் பாயில் இருக்கச் சொல்லமாட்டாளா என்று அம்மா காத்திருந்தார். அதை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் தன் பாயைச் சுருட்டிக் கொண்டுபோவார், விரிக்காமலே திரும்பக் கொண்டுவருவார். 

சித்திரை மாதத்தில் மண்டபத்தில் கலைவிழா நடக்கும். தூணுக்கு ஒரு நிகழ்ச்சி என்பது விதி. எந்த ஊர்த் தூணோ அந்த ஊர்க் கலை. கோலாலம்பூர்த் தூணுக்கு ஒரு பென்சன்காரர் மலாய்ப் பாட்டுப் பாடுவார். ரங்கூன் தூணுக்கு ஒருவர் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து நீளமாக ஏதோ சொல்வார். அது பர்மாப் பாஷையா, அவர் அந்த நேரத்தில் கட்டிவிட்டதா என்று சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து கூத்தில் ஒரு துண்டு ஆடும். கடலை விட்டு எங்கும் போகாத அவர்களுக்குத் தூண் கிடையாது. "கடலெண்டு ஒரு தூணிலை எழுதுங்கோவன், குறைஞ்சா போவியள்?" என்று அவர்களில் ஒருவர் வருஷம் தவறாமல் சண்டை பிடிப்பார். மண்டபத்தில் வெளிச்சம் இல்லாததால் எல்லாம் பொழுதுபடுமுன் முடிந்துவிடும்.

மாத்தறைத் தூணுக்கு வழக்கமாக ஒரு பகிடி நாடகம்தான். மண்டபத் தலைவரும் இன்னொருவரும் ஒருவர் தமிழ்க் கடைக்காரனாகவும் மற்றவர் சிங்கள வாடிக்கையாளராகவும் நின்று சிங்களத்தில் பேரம் பேசுவார்கள். தலைவருக்கும் மாத்தறையில் கடை இருந்தது, அப்பாவின் கடைக்கு நாலு கடை தள்ளி. அவருடைய மனைவி ஒருநாளும் தெற்குப் பக்கம் போனதில்லை. அந்த ஊர் வழக்கம் அது. கடைகள் எரியும்வரை ஆண்கள் கடையில், பெண்கள் தீவில். தைப்பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் புருஷன் வருவார், பிறகு போய்விடுவார். அந்த மாமிக்குப் பிள்ளை இல்லை. பெண்கள் பக்கம் முன்வரிசைப் பாய் எப்போதும் அவருடையது.

எனக்குப் பதினைந்து வயதான வருஷம் விழாச் சபையிலிருந்து இரண்டு பேர் வந்து, அம்மாவைக் காட்டி அப்பாவிடம் கேட்டார்கள்.

"உண்மையான மாத்தறை ஆள் ஊரிலை இருக்கேக்கை நாங்கள் ஏன் பகிடி விட்டுக்கொண்டு நிப்பான்? தங்கச்சியை ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கோ அண்ணை."

அப்பா தயங்கினார். அம்மா நான் சொல்லிமுடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டார். பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், என்ன பாட்டென்று மண்டையை உடைத்துக்கொண்டார். புத்த விகாரை ஊர்வலத்துப் பெரஹரப் பாட்டென்றால் கோயில்காரர் முகம் சுளிப்பார்கள். சினிமாப் பாட்டு மரியாதையில்லை. கடைசியில் எனக்குப் பாடிய தாலாட்டைப் பாடுவதென்று முடிவுசெய்தார். "இதில் யாருக்கு என்ன கோபம் வரப்போகிறது?" என்றார் சிங்களத்தில். எனக்கும் அது மெத்தச் சரியாகப் பட்டது.

அம்மா மாத்தறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பாடினார். முதல் இரண்டு அடி வரைக்கும் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் அடியில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. வாங்குப் பலகையில் இருந்த ஏழெட்டுப் பேர் கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள், சொல் தப்பாமல். எல்லாம் தெற்கில் கடை வைத்திருந்த ஆட்கள். எனக்குச் சந்தோஷம், ஒரே புளுகம். எங்கள் பாட்டு இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே, இனி அம்மாவை யார் சுவரோடு நிற்க விடுவார்கள் என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தியும் அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்ததும் வாங்கில் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். தலைவர் மட்டும் மூடவில்லை. அவர் முன்னால் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வலது கை அவருடைய தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் போடுகிற தட்டல் இல்லை. மடியில் கிடக்கிற ஒன்றை எழுப்பிவிடாமல் தட்டுகிற தட்டல். மாமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. என்ன பிழை நடந்ததென்று எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், அம்மாவோடு எப்போதும் சிங்களத்தில் பேசுகிற அப்பா, அன்றைக்குத் தமிழில், யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"உலகத்திலை வேறை பாட்டே கிடைக்கேல்லை!"

"ஏன் அப்பா, அது நல்ல பாட்டுத்தானே?" என்றேன்.

"நீ வாயை மூடிக்கொண்டு நட."

அம்மா நடுவழியில் ஒருதரம் நின்று வாயில் கையை வைத்துக்கொண்டார். அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்காமல் நான் கோபப்பட்டேன், அப்பாவோடும் அந்தச் சனங்களோடும்.

மறுநாள் காலையில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு வருஷத்தில் படி ஏறிய முதல் பெண். அம்மா குசினிக்குள் ஓடித் தேத்தண்ணி போட்டு, பனங்கட்டித் துண்டோடு கொண்டுவந்து கொடுத்தார். மாமி குடிக்கவில்லை.

"பிள்ளை, கொம்மாவைக் கேட்டுச் சொல்லும். நேற்றுப் பாடினது என்ன பாட்டு?"

நான் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சிங்களத்தில் சொன்னார்: "கடைத்தெருப் பாட்டென்று சொல்லு. சந்தையில் எல்லாரும் பாடுவது, கடையில் இருக்கிற எவருக்கும் தெரியும் என்று சொல்லு."

எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. என்னைத் தூங்கவைத்த பாட்டைச் சந்தைப் பாட்டாக்குகிறாரே, இவர்களுக்குப் பயந்து தன்னுடையதையே மறைக்கிறாரே என்று நினைத்தேன். அம்மாவின் மானத்தை நான் காப்பாற்றப்போகிறேனாம்.

"அது தாலாட்டு மாமி," என்றேன். "வீட்டுக்குள்ளை, பிள்ளையை நித்திரையாக்கப் பாடுறது. வேறை எங்கையும் பாடுறேல்லை."

அம்மாவுக்கு அவ்வளவு தமிழ் விளங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. மாமி, "அப்பிடியோ," என்றார். பிறகு தேத்தண்ணியைக் கடைசி மிடறுவரை குடித்தார், கோப்பையைத் தானே கழுவி வைத்தார், போய்விட்டார்.

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. மாமி அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதே குறைந்தது. அந்த ஆண்கள் இந்தத் தாலாட்டைத் தெற்கில் எந்த வீடுகளுக்குள், யாருடைய பிள்ளைகளுக்காகப் பாடிப் பழகியிருப்பார்கள் என்பதை நானே மெல்ல மெல்லக் கூட்டிக் கழித்து விளங்கிக்கொண்டேன். ஆனால் விளங்கிய பிறகும் குழப்பம் குறையவில்லை. பொய் சொல்லச் சொன்ன அம்மா சரியா, உண்மையைச் சொன்ன நான் சரியா? இந்த வயதிலும் ஒருநாள் ஒன்று, மறுநாள் மற்றது என்றுதான் தோன்றுகிறது. வெட்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அடுத்த சித்திரையில் மாத்தறைத் தூணுக்குப் பழைய பகிடியே திரும்ப வந்தது. அம்மா சுருட்டிய பாயோடு சுவரில் சாய்ந்து நின்றார். முன்வரிசையில் மாமி, ஒரு வருஷத்துக்குப் பிறகு. தலைவர் தூணடியில் நின்று சிங்களத்தில் பேரம் பேச, ஆண்கள் பக்கம் பெரிய சிரிப்பு. மாமி திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"ஏன் அங்கை நிக்கிறீர்? இஞ்சை வந்து இரும்."

அம்மா வந்து பாயின் ஓரத்தில் ஒட்டி ஒட்டாமல் இருந்தார். நான் பின்னால். சிரிப்புச் சத்தம் அடங்குமுன் மாமி என் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பிள்ளை, அந்தத் தாலாட்டிலை வாற பிள்ளை ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

பாட்டில் அப்படியொன்றும் இல்லை, எந்தப் பிள்ளைக்கும் பாடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்து அமத்தினார். அந்த மண்டபத்தில் முதன்முறையாகத் தன் வாயால், உடைந்த தமிழில், தானே பதில் சொன்னார்.

"பொம்பிளைப் பிள்ளை, அக்கா. இப்ப பள்ளிக்கூடம் போகுது."

அம்மா சொன்னது என்னையல்ல, அப்பாவின் கடைக்கு நாலு கடை தள்ளியிருந்த பிள்ளையை என்று எனக்கும் விளங்கியது. மாமி தூணடியில் நின்ற புருஷனைப் பார்த்தார். பிறகு அம்மா வசதியாக இருக்கட்டும் என்று பாயில் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தார்.