பதினைந்துக்குப் பதினாறு

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரும்பு ஏணி ஏறிப் போனால் அபுதாஹிரின் தோல் பைப் பட்டறை. அவனுடைய அக்கா ஷரீஃபுன்னிசாதான் அங்கே பைகளுக்கு வடிவம் வரைகிறவள். மேலப்பாளையத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் அல்தாப்பைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்தவள். இருபது வருஷம் பழுப்பு அட்டையில் பென்சிலால் வரைந்தாள். நாற்பத்தொன்றாம் வயதில் மாட்டுங்காவில் ஓர் இலவச வகுப்பில் சேர்ந்து கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டாள். வகுப்பு நடத்திய ஜகந்நாதன் சார் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு அவளுக்கே கொடுத்துவிட்டார்.

வரைந்ததை அவள் எண்களைக் கொண்டு சரிபார்ப்பதில்லை. கண்தான் கணக்கு. "நல்ல வளைவுன்னா கண்ணு எங்கயும் நிக்காம ஓடணும்" என்பாள். அந்தக் கண்ணுக்குப் பட்டறையில் எதிர்ப்பேச்சு கிடையாது.

போன மழைக்காலத்தில் மானிட்டர் செத்துப்போயிற்று. அபுதாஹிர் கோவண்டியிலிருந்து ஒரு பழைய மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினான். எழுத்து கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். செம்பூர் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்த பைக்கு, அதன் வாயை மூடும் வளைந்த மடல் வரைய உட்கார்ந்தாள். வளைவு ஏனோ நெட்டையாகத் தெரிந்தது. கண்ணுக்கு ஒழுங்காகும் வரை அதன் உயரத்தைக் குறைத்து, அச்செடுத்து, அட்டையில் ஒட்டிக் கொடுத்தாள்.

பதினெட்டு வருஷமாக அங்கே தோல் வெட்டுகிற பேச்சிராஜா பன்னிரண்டு மடல்கள் வெட்டினார். தைத்துப் பார்த்தால், மடல் பித்தானை எட்டவில்லை. ஒரு சென்டிமீட்டர் குறைவு.

"கத்தி சாஞ்சிருக்கு அண்ணே" என்றாள், தைக்கிற நாலு பேருக்கும் கேட்கும்படி.

"அட்டைய வச்சுத்தான தாயி வெட்டுனேன்."

"அட்டை நான் கொடுத்ததுல்லா? அது எப்படித் தப்பா இருக்கும்?"

பேச்சிராஜா கத்தியைத் துடைத்து வைத்தார். "மேலுக்கு முடியல, வீட்டுக்குப் போறேன்" என்று ஏணி இறங்கிவிட்டார்.

அவர் போன பிறகுதான் அவளுக்கு அட்டையை எடுத்துப் பார்க்கத் தோன்றியது. வெட்டிய மடல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தாள். பன்னிரண்டும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. திரையில் வளைவு நெட்டையாகத் தெரிந்தது அவளுக்கு நினைவு வந்தது.

கம்ப்யூட்டரில், அகலம் பதினைந்து சென்டிமீட்டர், உயரம் பதினைந்து என்று எண் கொடுத்து ஒரு வட்டம் போட்டாள். ஸ்டீல் ஸ்கேலைத் திரைமேல் வைத்து, அகலம் சரியாகப் பதினைந்து ஆகும்வரை படத்தைப் பெரிதாக்கினாள். ஸ்கேலை நிமிர்த்தி உயரத்தை அளந்தாள். பதினாறு.

திரை அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அதில் இருந்தவை இரண்டே அளவுகள். இரண்டையும் போட்டுப் பார்த்தாள். வட்டம் முட்டையாகவே இருந்தது. ஜகந்நாதன் சாருக்குப் போன் போட்டாள்.

"மானிட்டர் கண்ணாடியை அளந்து சொல்லுங்கோ."

"முப்பத்தேழரைக்கு முப்பது சார்."

"அப்போ அது குறுக்கே ஆயிரத்து இருநூத்து எண்பது, நெடுக்கே ஆயிரத்து இருபத்துநாலு புள்ளி காட்டற மானிட்டர். வழக்கமா மானிட்டரே தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும். உங்களோடது சொல்லலை போலிருக்கு. அதனால கம்ப்யூட்டர் வேற அளவுல படத்தை அனுப்ப, மானிட்டர் அதை நெடுக்கே இழுத்துக் காட்டறது. கேபிள் முனையைப் பாருங்கோ."

கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். ஊசி ஒன்று முறிந்திருந்தது. மறுமுனை மானிட்டருக்குள்ளேயே பொருத்தப்பட்ட கேபிள், மாற்ற வழியில்லை.

"பரவாயில்லை. அது சொல்லாததை நாம சொல்லிடலாம்" என்றார் அவர்.

கட்டளைகள் அடிக்கும் கறுப்புச் சன்னலைத் திரையில் திறந்தாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல ஒரு கட்டளை அடித்தாள். நீளமாக ஒரு வரி எண்கள் வந்தன. அந்த வரியை எக்ஸ்-ராண்டர் என்ற இன்னொரு கட்டளைக்குக் கொடுத்து, இதுதான் உன் புது அளவு என்று சொல்ல வேண்டும். முதல் தடவை ஓர் எழுத்து பிசகி, மாட்டேன் என்றது. இரண்டாம் தடவை திரை முழுக்க இருண்டது. "யா அல்லா" என்றாள். இரண்டு நொடியில் வெளிச்சம் வந்தது. எழுத்தெல்லாம் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. வட்டத்தை மறுபடி அளந்தாள். குறுக்கே பதினைந்து, நெடுக்கேயும் பதினைந்து.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழையபடி முட்டை. மறுபடியும் போன். அந்தக் கட்டளைகளை, கம்ப்யூட்டரைத் திறந்ததும் தானாக ஓடும் கோப்பில் எழுதி வைத்த பிறகுதான் நிலைத்தது.

சாயங்காலம் பேச்சிராஜாவின் அறைக்குப் போனாள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கத்தி சாயல அண்ணே. என் திரைதான் கோணலா இருந்திருக்கு."

உரித்த பல்லைத் தட்டில் போட்டார். "நாலு பேருக்கு முன்னால சொல்லிட்ட."

"நாளைக்கு அந்த நாலு பேருக்கு முன்னாலயே சொல்லுதேன்."

சொன்னாள். மறுநாள் காலை, மிஷின்கள் ஓட ஆரம்பிப்பதற்கு முன். அபுதாஹிர், "விடு லாத்தா, புது மானிட்டர் ஒண்ணு வாங்கிருவோம்" என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். குறைந்துபோன மடல்கள் உள்பைகளாயின. சரக்கு இரண்டு நாள் தாமதமாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தது.

பேச்சிராஜா இப்போது அவள் கொடுக்கும் அட்டை ஒவ்வொன்றையும் தன் ஸ்கேலால் அளந்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார். அவள் பக்கத்தில் நின்று, அவர் அளந்து முடிக்கும்வரை காத்திருக்கிறாள்.